இயங்குகோப்பின் பாதையை அறுதியிடல்: சிக்வின் இணக்க அடுக்கில் பெயரும் நிரலும்

ஆய்வுச் சுருக்கம்

விண்டோஸ் இயங்குதளத்தின் மீது யூனிக்ஸ் மரபு நிரல்களை இயக்க உதவும் சிக்வின் என்னும் இணக்க அடுக்கு, பயனர் தரும் ஒரு கட்டளைப் பெயரிலிருந்து வட்டில் உள்ள ஓர் இயங்குகோப்பை எவ்வாறு சென்றடைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. இயங்குகோப்பு எது என்னும் வினாவுக்கு யூனிக்ஸும் விண்டோஸும் தரும் விடைகள் வேறானவை. அவ்வேறுபாட்டை மறைப்பதற்காக அடுக்கு செய்து தரும் வசதிகள், ஒரே பெயர் இரண்டு நிரல்களைக் குறிக்கும் நிலையை உண்டாக்குகின்றன என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சிக்வின், போசிக்ஸ், இயங்குகோப்பு, பாதை, மவுண்ட் அட்டவணை, பின்னொட்டு, சூழல் மாறி.

முன்னுரை

விண்டோஸ் கணினி ஒன்றில் ஒவ்வோர் இரவும் தானாக இயங்கும்படி ஒரு பாஷ் ஸ்கிரிப்டு அமைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அன்று மாறிய கோப்புகளை 'ஃபைண்ட்' கட்டளையால் பட்டியலிட்டு, அப்பட்டியலைக் குழாய்வழி மற்றொரு நிரலுக்கு அனுப்பிக் காப்புநகல் எடுப்பது அதன் பணி. பயனர் தம் திரையில் இயக்கிப் பார்க்கும்போது அது பிழையின்றி இயங்குகிறது. இரவில் விண்டோஸின் பணி அட்டவணை இயக்கும்போதோ காப்புநகல் வெறுமையாக அமைகிறது. ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 'ஃபைண்ட்' என்னும் பெயர் சுட்டிய நிரல் மட்டுமே மாறியது. விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையிலும் 'ஃபைண்ட்' என்றொரு நிரல் உண்டு. அது கோப்புகளைத் தேடுவதன்று. கோப்புக்குள் இருக்கும் சொற்றொடரைத் தேடுவது. தனக்கு வந்த அளபுருக்களை அறிந்துகொள்ள இயலாமல் அது ஒரு பிழைச் செய்தியை வெளியிட்டு நின்றுவிடும். குழாய்த்தொடரின் வெற்றி தோல்வியைப் பாஷ் தன் இயல்புநிலையில் கடைசி நிரலைக் கொண்டே முடிவு செய்வதால், முழுப்பணியும் 'வெற்றி' என்றே பதிவாகும்.

இத்தகைய பிழையைக் கண்டறிவது கடினம். ஏனெனில் நிரலாளர் தம் ஸ்கிரிப்டைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார். பிழையோ பெயருக்கும் கோப்புக்கும் இடைப்பட்ட வழியில் இருக்கிறது. அவ்வழியைப் படிப்படியாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டளைகள், கோப்புகள், கோப்புறைகள் ஆகியவற்றின் பெயர்கள் இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன.

இரு மரபுகள்

யூனிக்ஸில் கோப்பின் பெயர் வெறும் பைட்டுத் தொடர். அப்பெயரில் வரும் புள்ளிக்கோ அதன் பின்வரும் எழுத்துகளுக்கோ கர்னல் எப்பொருளும் கற்பிப்பதில்லை. ஒரு கோப்பு இயங்கத்தக்கதா என்பதை அதன் ஐநோடில் உள்ள அனுமதிக் குறி கூறும். எவ்வாறு இயக்குவது என்பதை அதன் தொடக்கத்தில் உள்ள சில பைட்டுகள் கூறும். '#!' எனத் தொடங்கினால் அவ்வரியில் குறிக்கப்பட்ட விளக்கி நிரலைக் கர்னலே அழைக்கும். டென்னிஸ் ரிச்சி 1980 சனவரியில் அறிமுகப்படுத்திய இவ்வசதியால், ஸ்கிரிப்டுக்கும் இருமக் கோப்புக்கும் இருந்த வேறுபாடு அழைப்பவரின் கண்ணிலிருந்து மறைந்தது.

விண்டோஸில் தகுதியைப் பெயரே அறிவிக்கிறது. 'எக்ஸ்இ', 'காம்', 'பேட்' முதலிய பின்னொட்டுகளே இது இயங்கும் கோப்பு என்பதற்கு அடையாளம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பின்னொட்டின்றி ஒரு பெயரைத் தந்தால், 'பாத்எக்ஸ்ட்' என்னும் சூழல் மாறியில் உள்ள பின்னொட்டுகளை வரிசையாக ஒட்டிப் பார்த்துக் கோப்பு தேடப்படும். அவ்வரிசையில் 'காம்' முன்னும் 'எக்ஸ்இ' பின்னும் நிற்கும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோவே இவ்வரிசையைத் திறம்படப் பயன்கொண்டுள்ளது. 'டெவ்என்வ்' என்னும் ஒரே பெயரில் 'காம்' பின்னொட்டுடைய கோப்பு கட்டளைவரிப் பணிக்கும், 'எக்ஸ்இ' பின்னொட்டுடைய கோப்பு சாளரப் பணிக்கும் வைக்கப்பட்டுள்ளன.

தேடும் இடமும் வேறுபடுகிறது. யூனிக்ஸில் பெயரில் சாய்கோடு இருந்தால் தேடலே இல்லை. அப்பெயர் ஒரு பாதையாகவே கொள்ளப்படும். சாய்கோடு இல்லையெனில் 'பாத்' மாறியில் உள்ள கோப்புறைகள் மட்டும் இடமிருந்து வலமாகத் தேடப்படும். நடப்புக் கோப்புறை அதில் தானாக இடம்பெறாது. விண்டோஸின் செயல்முறை உருவாக்க அழைப்பு, முழுப்பாதை தரப்படாதபோது, முதலில் அழைக்கும் நிரல் இருக்கும் கோப்புறையையும், அடுத்து நடப்புக் கோப்புறையையும், பின்னர் விண்டோஸின் அமைப்புக் கோப்புறைகளையும் நோக்கிய பிறகே 'பாத்' மாறிக்கு வருகிறது. பிறர் எழுதத்தக்க ஒரு கோப்புறைக்குள் நின்றுகொண்டு கட்டளை இடும்போது இவ்வேறுபாடு பாதுகாப்புச் சிக்கலாக மாறும்.

மவுண்ட் அட்டவணையும் பாதையின் பெயர்ப்பும்

சிக்னஸ் நிறுவனத்தில் 1995இல் தொடங்கப்பட்ட சிக்வின், தனியொரு இயங்குதளமன்று. 'சிக்வின்1' என்னும் டிஎல்எல் நூலகமே அதன் உயிர்நிலை. யூனிக்ஸ் நிரல் ஒன்று அதன் மீது மறுபடி கம்பைல் செய்யப்படும்போது, அந்நிரல் எழுப்பும் போசிக்ஸ் அழைப்புகளை இந்நூலகம் ஏற்று, விண்டோஸ் அழைப்புகளாக மாற்றித் தருகிறது. பாதையைப் பெயர்த்தல் அவற்றுள் அடிப்படையான பணி.

இப்பெயர்ப்புக்கு மவுண்ட் அட்டவணை துணையாகிறது. சிக்வின் நிறுவப்பட்ட கோப்புறை வேராகக் கொள்ளப்படும். அதனுள் உள்ள 'பின்' கோப்புறை '/யூஎஸ்ஆர்/பின்' என்றும், 'லிப்' கோப்புறை '/யூஎஸ்ஆர்/லிப்' என்றும் தாமாகவே ஏற்றப்படும். ஏனைய வட்டுகள் '/சிக்டிரைவ்' என்னும் முன்னொட்டின் கீழ் அமையும். 2009 திசம்பரில் வெளியான 1.7ஆம் பதிப்பு முதல் பயனர் வகுக்கும் ஏற்றங்கள் '/இடிசி/எஃப்எஸ்டேப்' கோப்பில் எழுதப்படுகின்றன. அதற்கு முன் அவை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருந்தன.

இவ்வமைப்பின்படி '/பின்' என்பதும் '/யூஎஸ்ஆர்/பின்' என்பதும் வட்டில் ஒரே கோப்புறையையே சுட்டும். போசிக்ஸ் பாதையிலிருந்து விண்டோஸ் பாதைக்குச் செல்லும் வழி பலவற்றிலிருந்து ஒன்றுக்குச் செல்வது. எனவே மீளும்போது அடுக்கு ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். '/யூஎஸ்ஆர்/பின்' என்பதே விடையாக வரும். '/பின்' வழியாகத் தொடங்கப்பட்ட நிரல், தன் இருப்பிடம் எது எனக் கேட்டால் '/யூஎஸ்ஆர்/பின்' என அறியும். தன் பெயரைக் கொண்டு அண்டைக் கோப்புறைகளைக் கணக்கிடும் நிரல்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. '/பின்' எனில் ஒரு படி ஏறினால் வேர். '/யூஎஸ்ஆர்/பின்' எனில் ஒரு படி ஏறினால் '/யூஎஸ்ஆர்'.

எழுத்துகளிலும் இரு உலகங்கள் முரண்படுகின்றன. முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி முதலியன யூனிக்ஸ் பெயரில் வரலாம், விண்டோஸில் வரக்கூடா. சிக்வின் இவற்றை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உள்ள இடங்களுக்கு மாற்றிச் சேமித்து, படிக்கும்போது மீட்டுத் தருகிறது. சிக்வின் வழியே பார்ப்பவருக்கு முக்காற்புள்ளியாகத் தெரிவது, விண்டோஸ் கோப்பு உலாவியில் பார்ப்பவருக்கு இனங்காண இயலாத குறியாகத் தெரியும்.

சிற்றெழுத்துப் பேரெழுத்து வேறுபாடு மற்றொரு சிக்கல். சிக்வினும் இயல்புநிலையில் விண்டோஸைப் போன்றே அவ்வேறுபாட்டைக் கருதாது. இதனால் நேரும் விளைவுக்குச் சான்று விண்டோஸுக்கு வெளியிலும் உண்டு. வலைப்பக்கங்களைப் பெறுவதற்கான பெர்ல் நூலகம் ஒன்று, பேரெழுத்துகளில் 'ஹெட்' எனப் பெயரிட்ட கட்டளையை நிறுவியது. எழுத்து வேறுபாடு கருதாத கோப்பு முறைமையுடைய மேக் கணினிகளில் அது, கோப்பின் முதல் வரிகளைக் காட்டும் சிற்றெழுத்து 'ஹெட்' கட்டளையின் மீதே எழுதப்பட்டுவிட்டது. தமிழ்ப் பெயர்களில் இச்சிக்கல் எழ இடமில்லை. ஆயின் வேறொன்று உண்டு. 'கோ' என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமை இவற்றை ஒருமைப்படுத்துவதில்லை. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. எனவே அங்கிருந்து வந்த ஒரு கோப்பும் இங்கு உருவான ஒரு கோப்பும் ஒரே பெயருடையன போல் ஒரே கோப்புறையில் அருகருகே இருக்கக்கூடும். விசைப்பலகையில் தட்டும் பெயர் அவற்றுள் ஒன்றை மட்டுமே எட்டும்.

தொக்கு நிற்கும் பின்னொட்டு

இனி நடுச்சிக்கலுக்கு வரலாம். யூனிக்ஸ் ஸ்கிரிப்டுகள் 'எல்எஸ்', 'கிரெப்' என்றே அழைக்கும். விண்டோஸ் வட்டில் இருப்பவையோ 'எக்ஸ்இ' பின்னொட்டுடைய கோப்புகள். பல்லாயிரம் ஸ்கிரிப்டுகளைத் திருத்துவது இயலாது. எனவே சிக்வின் அப்பின்னொட்டை அழைப்பவர் எழுதாமல் விடலாம் என வகுத்தது. தமிழ் இலக்கண மரபில் இதற்கு நெருங்கிய ஒப்புமை வேற்றுமைத்தொகை. உருபு வெளிப்படாமல் மறைந்து நின்று பொருள் தருவது போல, பின்னொட்டு மறைந்து நின்று கோப்பைத் தருகிறது. தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட மயங்கும் என நன்னூல் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. தொக்கு நிற்கும் இடத்தில் மயக்கமும் நிற்கும்.

பெயரை இயக்கும்போது மட்டும் இவ்வசதி செயற்பட்டிருந்தால் மயக்கம் குறைவாகவே இருந்திருக்கும். அவ்வாறு நிறுத்த இயலவில்லை. 'மேக்' போன்ற கட்டுமான நிரலை எண்ணிப் பார்க்கலாம். 'நிரல்' என்னும் கோப்பை உருவாக்குமாறு ஒரு விதி சொல்கிறது. சிக்வினின் ஜிசிசி கம்பைலர் அப்பெயரோடு பின்னொட்டைச் சேர்த்து 'நிரல்.எக்ஸ்இ' என்னும் கோப்பை ஆக்குகிறது. 'மேக்' மீண்டும் வந்து 'நிரல்' இருக்கிறதா, அதன் காலம் என்ன எனக் கேட்கும். 'இல்லை' என்னும் விடை வந்தால் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டுமானமும் மறுபடி நிகழும். எனவே கோப்பின் விவரம் கேட்கும் 'ஸ்டாட்' அழைப்பும் பின்னொட்டை ஒட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. 'நிரல்' இல்லாமல் 'நிரல்.எக்ஸ்இ' இருந்தால், 'நிரல்' பற்றிய வினாவுக்குப் பின்னதன் விவரமே விடையாகத் தரப்படும்.

இதன் விளைவு வியப்புக்குரியது. கோப்புறையின் பட்டியலைப் படித்தால் அதில் 'நிரல்.எக்ஸ்இ' மட்டுமே இருக்கும். 'நிரல்' உண்டா எனக் கேட்டால் 'உண்டு' என்னும் விடை வரும். பட்டியலில் இல்லாத பெயர் இருப்பதாகிறது. ஒரு கோப்பே இரு பெயர்களிலும் எட்டப்படுகிறது என்பதை அறிய இரண்டின் ஐநோடு எண்களை ஒப்பிடுவதே வழி. கோப்புறைப் பட்டியலும் ஸ்டாட்டும் ஒத்துச் செல்லும் என நம்பி எழுதப்பட்ட யூனிக்ஸ் நிரல்கள் இவ்விடத்தில் தடுமாறும். ஆட்டோகான்ஃப் கருவி 'எக்ஸ்இஎக்ஸ்டி' என்னும் மாறியின் வழியே பின்னொட்டை வெளிப்படையாக எழுத இடம் தருகிறது. மயக்கத்தை நீக்கும் நேர்மையான வழி அதுவே எனலாம். ஆயினும் ஒவ்வொரு நிரலாளரும் அதனைக் கையாள்வார் என எதிர்பார்க்க இயலாது.

'நிரல்' என்னும் ஸ்கிரிப்டும் 'நிரல்.எக்ஸ்இ' என்னும் இருமக் கோப்பும் ஒரே கோப்புறையில் இருந்தால் எது வெல்லும்? இன்றைய சிக்வினில் ஸ்கிரிப்டே வெல்லும். எழுதப்பட்ட பெயர் எழுதப்பட்டவாறே இருந்தால் அதனையே கொள்வது என்பது விதி. 1.5.19ஆம் பதிப்பு வரை இது தலைகீழாக இருந்தது. அடுக்கின் பிற பகுதிகளோடு ஒத்துப்போகவே மாற்றப்பட்டது. ஸ்டாட் ஒரு கோப்பைக் காட்ட, இயக்கும் அழைப்பு வேறொரு கோப்பை இயக்கினால், சோதிக்கப்பட்டது ஒன்று, இயங்கியது மற்றொன்று என ஆகிவிடும். ஒரு கோப்பின் உரிமையாளரைச் சரிபார்த்துவிட்டு இயக்கும் நிரலுக்கு அது ஏற்கத்தக்கதன்று. பின்னொட்டு ஒட்டும் நடத்தையைக் கட்டுப்படுத்த முன்பு 'டிரான்ஸ்பரண்ட் எக்ஸ்இ' என்றொரு விருப்பத்தேர்வும் இருந்தது. அதுவே நிலையான நடத்தையாகியதால் பின்னர் அது நீக்கப்பட்டது.

சிக்வினுக்குள் முரண்பாடு தீர்ந்தாலும் அடுக்கின் எல்லையில் அது தொடர்கிறது. அதே கோப்புறையில் விண்டோஸ் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'நிரல்' எனத் தட்டினால், பின்னொட்டில்லாக் கோப்பு இயங்கும் தகுதியற்றதாகக் கருதப்பட்டு 'நிரல்.எக்ஸ்இ' இயங்கும். ஒரே கணினி, ஒரே கோப்புறை, ஒரே சொல். இயங்குபவை இரண்டு நிரல்கள். பகிர்ந்து பயன்படுத்தும் கோப்புறை ஒன்றில் பின்னொட்டில்லாத ஒரு ஸ்கிரிப்டை இட்டு வைப்பவர், விண்டோஸ் பயனரின் கண்ணில் எவ்வித மாற்றமும் தெரியாமல், சிக்வின் பயனரின் கட்டளையை மட்டும் தம் வயப்படுத்திக்கொள்ள முடியும்.

இயங்கும் தகுதி

பெயர் கிடைத்த பின் அக்கோப்பு இயங்கத்தக்கதா என அறிய வேண்டும். என்டிஎஃப்எஸ் வட்டில் விண்டோஸின் அணுகல் பட்டியலிலிருந்து இயக்க அனுமதியைச் சிக்வின் கணித்துக்கொள்கிறது. இது ஒருவழிப் பெயர்ப்பு அன்று. சிக்வின் கருவியால் பதிவிறக்கப்பட்டு இயக்க அனுமதி பெறாத 'எக்ஸ்இ' கோப்பை விண்டோஸில் இருமுறை சொடுக்கினாலும் அணுகல் மறுக்கப்படும். விண்டோஸ் பயனர்கள் இதனைக் கோப்பு பழுதானதாகத் தவறாகக் கொள்வதுண்டு.

அனுமதி என்னும் கருத்தே இல்லாத ஃபேட் வகை வட்டுகளிலும், 'நோஏசிஎல்' என ஏற்றப்பட்ட இடங்களிலும் அடுக்கு ஊகிக்க வேண்டியுள்ளது. 'எக்ஸ்இ' போன்ற பின்னொட்டு இருந்தால் தகுதி உண்டு. '#!' என்றோ, விண்டோஸ் இருமக் கோப்புகளின் தொடக்கமான 'எம்இசட்' என்னும் ஈரெழுத்தாலோ கோப்பு தொடங்கினாலும் தகுதி உண்டு. இதற்காகக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிக்க நேர்வதால், ஒரு சாதாரணப் பட்டியலிடலும் மெதுவாகும். எல்லாவற்றையும் இயங்கத்தக்கவை என்றோ அல்ல என்றோ ஏற்றத்திலேயே அறிவிக்கும் விருப்பத்தேர்வுகள் இச்செலவைத் தவிர்க்க உதவும். விரைவுக்காக உண்மையைத் துறக்கும் ஏற்பாடு அது.

2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பொன்று இவ்வூகத்துக்கு வெளியே நிற்கும் ஒரு வகையைப் பரவலாக்கியது. 'பைத்தான்.எக்ஸ்இ' என்னும் பெயரில் பயனரின் கோப்புறையில் பூச்சியம் பைட்டு அளவுள்ள ஒரு மாற்றுப்பெயர்க் கோப்பு வைக்கப்பட்டது. பைத்தான் நிறுவப்படாத கணினியில் அது மைக்ரோசாஃப்ட் கடையைத் திறக்கும். படிப்பதற்கு ஒரு பைட்டும் இல்லாத கோப்பில் தொடக்க எழுத்துகளைத் தேடுவது பயனற்றது; இத்தகைய கோப்புகளை இணக்க அடுக்கு தனியொரு வகையாகவே அறிந்திருக்க வேண்டும்.

ஸ்கிரிப்டுகளின் நிலையும் கருதத்தக்கது. விண்டோஸ் கர்னல் '#!' வரியை அறியாது. எனவே கர்னல் செய்யும் வேலையைச் சிக்வின் நூலகமே செய்கிறது. முதல் வரியைப் படித்து, விளக்கியின் போசிக்ஸ் பாதையை மேற்கூறிய அதே வழியில் பெயர்த்து, அவ்விளக்கியை இயக்குகிறது. விளக்கியின் பெயரிலும் 'எக்ஸ்இ' தொக்கு நிற்கும். ஆக ஒரு ஸ்கிரிப்டை இயக்குதல் என்பது இருமுறை பாதை காண்பதாகும்.

தேடல் வரிசை

சிக்வின் நிரல் ஒன்று விண்டோஸிலிருந்து தொடங்கப்படும்போது, அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட விண்டோஸின் 'பாத்' மாறி, முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட போசிக்ஸ் பட்டியலாக மாற்றப்படுகிறது. வட்டின் பெயரிலேயே முக்காற்புள்ளி வருவதால் இம்மாற்றம் தவிர்க்க இயலாதது. சிக்வினிலிருந்து விண்டோஸ் நிரல் ஒன்றை அழைக்கும்போது பட்டியல் மீண்டும் விண்டோஸ் வடிவுக்குத் திரும்பும். வடிவம் மாறினாலும் வரிசை மாறுவதில்லை.

முன்னுரையில் கண்ட சிக்கலின் வேர் இவ்வரிசையில் உள்ளது. பயனர் திறக்கும் முனையச் சாளரத்தில் பாஷ், உள்நுழைவு ஷெல்லாகத் தொடங்கி '/இடிசி/புரொஃபைல்' கோப்பைப் படிக்கிறது; அது '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்', '/யூஎஸ்ஆர்/பின்' ஆகியவற்றைப் பட்டியலின் முன்னால் வைக்கிறது. பணி அட்டவணை பாஷை நேரடியாக அழைக்கும்போது அக்கோப்பு படிக்கப்படுவதில்லை. விண்டோஸின் 'பாத்' மாறியில் சிஸ்டம்32 முன்னும், பின்னாளில் சேர்க்கப்பட்ட சிக்வின் கோப்புறை கடைசியிலும் இருக்கும். இந்நிலையில் 'எல்எஸ்' இயங்கும், 'கிரெப்' இயங்கும், சிஸ்டம்32இல் அப்பெயர்களில் எதுவும் இல்லை. 'ஃபைண்ட்', 'சார்ட்' ஆகிய இரண்டும் தவறும். பட்டியலில் சிக்வின் கோப்புறை அறவே இல்லாதிருந்தால் எல்லாக் கட்டளைகளும் தவறி, பிழை முதல் நாளே புலப்பட்டிருக்கும். பெரும்பகுதி சரியாக இயங்குவதே இங்குத் தீங்காகிறது.

பின்னொட்டு தொக்கு நிற்பதும் இதில் பங்கேற்கிறது என்பதைக் கருத வேண்டும். பாஷ் தேடியது 'ஃபைண்ட்' என்னும் பெயரை. சிஸ்டம்32இல் இருந்தது 'ஃபைண்ட்.எக்ஸ்இ'. பின்னொட்டை ஒட்டிப் பார்க்கும் வசதி இல்லையெனில் இம்மோதலே நிகழ்ந்திராது. பணி அட்டவணையில் பாஷை உள்நுழைவு ஷெல்லாக அழைப்பதும், ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே 'பாத்' மாறியை வெளிப்படையாக வகுப்பதும் போதுமான தீர்வுகள்.

இயங்குகோப்பு கிடைத்த பின்னும் தேடல் முடிவதில்லை. அதற்கு வேண்டிய டிஎல்எல் நூலகங்களை விண்டோஸ் தன் முறைப்படி, நிரலின் கோப்புறையிலும் 'பாத்' மாறியிலும் தேடும். வேறொரு மென்பொருள் தன்னுடன் கொணர்ந்த பழைய 'சிக்வின்1' நூலகம் முன்னால் அகப்பட்டால், சரியான நிரலே தவறான அடுக்கின் மீது இயங்கத் தொடங்கி முறியும். சிக்வின் பயனர்கள் நெடுங்காலமாக அறிந்த இடர் இது.

எல்லையைக் கடக்கும் பெயர்கள்

சிக்வின் ஷெல்லிலிருந்து விண்டோஸ் நிரல் ஒன்று அழைக்கப்படும்போது, அந்நிரலின் பாதையை அடுக்கு பெயர்த்துக் கொடுக்கிறது, அளபுருக்களைப் பெயர்ப்பதில்லை. பைத்தான் ஸ்கிரிப்டு ஒன்றின் '#!' வரி 'என்வ்' வழியாகப் பைத்தானைத் தேடி, பட்டியலில் முன்னிற்கும் விண்டோஸ் பைத்தானைச் சென்றடைந்தால், '/ஹோம்' எனத் தொடங்கும் ஸ்கிரிப்டின் பாதை அதற்கு அப்படியே தரப்படும். அவ்விளக்கிக்கு அப்படியொரு கோப்புறை தெரியாது. இத்தகைய இடங்களில் 'சிக்பாத்' கருவியைக் கொண்டு பாதையைப் பயனரே மாற்றித் தர வேண்டும்.

சிக்வினிலிருந்து கிளைத்த எம்சிஸ்2 வேறொரு முடிவை எடுத்தது. விண்டோஸ் நிரலுக்குச் செல்லும் அளபுருக்களில் யூனிக்ஸ் பாதை போல் தோன்றுவனவற்றை அது தானே மாற்றுகிறது. பெரும்பாலும் இது நன்மையே. ஆயின் 'தோன்றுவது' எப்போதும் 'இருப்பது' ஆகாது. விண்டோஸ் கட்டளை விளக்கிக்குத் தரப்படும் '/சி' என்னும் விருப்பக்குறி, சி வட்டின் பாதையாக மாறிவிடுகிறது. அதனைத் தடுக்கப் பயனர்கள் '//சி' என இரட்டைச் சாய்கோடு இட்டு எழுதுகின்றனர். சிக்வின் வழியில் தவறு நேர்ந்தால் பாதை மாறாமல் நின்று பிழை உடனே தெரியும். எம்சிஸ்2 வழியில் மாறக்கூடாதது மாறித் தவறு மறைந்து நிற்கும். முன்னதே ஆய்வுக்கு எளிது.

2016இல் அறிமுகமான லினக்ஸுக்கான விண்டோஸ் துணையமைப்பு மூன்றாவது நிலைப்பாட்டைக் கொண்டது. அதில் லினக்ஸ் இருமக் கோப்புகள் மாற்றமின்றி இயங்குகின்றன. விண்டோஸ் நிரல்களையும் லினக்ஸ் ஷெல்லிலிருந்து அழைக்கலாம். 'எம்இசட்' எனத் தொடங்கும் கோப்புகளை அடையாளம் கண்டு விண்டோஸிடம் ஒப்படைக்குமாறு லினக்ஸ் கர்னலின் பின்ஃபிம்ட்-மிஸ்க் வசதி பயன்படுத்தப்படுகிறது. ஆனால் பின்னொட்டை முழுமையாக எழுதியாக வேண்டும். 'நோட்பேட்' எனில் எதுவும் கிடைக்காது, 'நோட்பேட்.எக்ஸ்இ' எனில் திறக்கும். எனவே சிஸ்டம்32 கோப்புறை தேடல் பட்டியலில் இருந்தாலும் 'ஃபைண்ட்' என்னும் பெயர் மயங்குவதில்லை. அதற்குரிய விலையும் உண்டு. விண்டோஸில் மட்டும் 'கிட்' நிறுவியவர், அதனை அழைக்கும் யூனிக்ஸ் ஸ்கிரிப்டை அங்கு மாற்றமின்றி இயக்க முடியாது. சிக்வின் அளித்த வசதி இங்கு இல்லை. அதனுடன் வந்த மயக்கமும் இல்லை.

குறியீட்டு இணைப்புகளும் எல்லையில் சிக்குபவை. சிக்வினில் 'ஆக்' என்பது 'காக்' நிரலுக்கான இணைப்பு. சிக்வின் தன் முறையில் எழுதிய இணைப்பை விண்டோஸ் கட்டளைச் சாளரம் பின்தொடராது. சிக்வின் ஷெல்லில் இயங்கும் 'ஆக்' அங்கு இயங்காமற் போவதும், 'காக்' மட்டும் இயங்குவதும் இதனாலேயே.

இயங்குவது எது எனக் கேட்டல்

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பு எது என்பதை அறிய யூனிக்ஸ் மரபில் '/புரோக்' கோப்பு முறைமை பயன்படும். சிக்வினும் அதனைத் தருகிறது. ஒவ்வொரு செயல்முறைக்கும் உரிய கோப்புறையில் 'எக்ஸ்இ' என்னும் இணைப்பு அதன் இயங்குகோப்பைச் சுட்டும். ஆயினும் அங்கும் அடுக்கு தன் தோற்றத்தைக் காக்கிறது. வட்டில் உள்ள பெயரின் இறுதியில் 'எக்ஸ்இ' பின்னொட்டு இருந்தால் அதனை நீக்கிவிட்டே விடை தருகிறது. 'விச்' கட்டளையும் '/யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ்' என்றே கூறும். விண்டோஸ் அறிந்த முழுப்பெயர் வேண்டுவோர் அதே கோப்புறையில் உள்ள 'வின்எக்ஸ்இநேம்' என்னும் கோப்பைப் படிக்க வேண்டும். வட்டின் பெயரும் பின்சாய்கோடுகளும் பின்னொட்டும் குறையாமல் அதில் இருக்கும். இரவில் ஓடும் ஸ்கிரிப்டின் பதிவேட்டில் 'பாத்' மாறியின் அன்றைய மதிப்பையும், 'ஃபைண்ட்' பற்றி 'விச்' தரும் விடையையும் எழுதி வைத்தால், காப்புநகல் வெறுமையான நாளில் '/சிக்டிரைவ்/சி/விண்டோஸ்/சிஸ்டம்32' என்னும் பாதை அங்கு வெளிப்படையாகக் காணப்படும்.